கொல்லிமலை ஏறும் வண்டிக்கு எத்தனை டிகிரியில் ஃபேன் ஓட வேண்டும்?

செகண்ட் ஹேண்ட் மினி டிரக் வாங்கப் போகிறவர்கள் டயர் பார்ப்பார்கள், சேஸிஸில் துரு பார்ப்பார்கள், எஃப்சி, இன்சூரன்ஸ் தேதி பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. இன்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்துக் காது கொடுத்துக் கேட்பேன். ரேடியேட்டர் ஃபேன் அந்த நிமிடமே சுற்ற ஆரம்பித்தால், யாரோ ஃபேனை டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃபேன் டைரக்ட் என்றால் உள்ளே, சூடு பார்த்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வும் இருக்காது. பெரும்பாலும் இரண்டும் ஜோடியாகத்தான் நடக்கும்.

நாமக்கல், சேந்தமங்கலம் பக்கம் ஓடும் பழைய டீசல் மினி டிரக்குகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். நான் வாங்கிய வண்டியும் அப்படித்தான் இருந்தது. தெரிந்தேதான் வாங்கினேன். இன்ஜினில் அழுத்தம் நன்றாக இருந்தது, ஹெட் (சிலிண்டருக்கு மேல் உள்ள மூடிப் பகுதி) திறந்த அடையாளம் இல்லை, விலையும் படிந்தது. மீதியைச் சரி செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. அதை எப்படிச் செய்தேன், ஏன் அவ்வளவு மெனக்கெட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டைரக்ட் பண்ணிய ஃபேனோடு ஓடுகிற ஒரு வண்டியாவது இதைப் படித்துவிட்டுச் சரியானால் எனக்கு அது போதும்.

முதலில் "டைரக்ட்" என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் அல்லது இன்ஜினில் தண்ணீர் போகும் வழியில் ஒரு தெர்மோ சுவிட்ச் இருக்கும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்தால் சுவிட்ச் சேரும், ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச்) இழுக்கும், ஃபேன் ஓடும். ஆறினால் நிற்கும். பல சுவிட்சுகளின் உடம்பிலேயே 92-87 என்பது போல இரண்டு எண்கள் அடித்திருக்கும். முதல் எண்ணில் ஃபேன் ஓடும், இரண்டாவது எண்ணில் நிற்கும். டைரக்ட் பண்ணுவது என்றால் இந்தச் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிற மாதிரி இக்னிஷன் லைனில் இழுத்துக் கட்டிவிடுவது.

எங்கள் பகுதியில் பெயரெடுத்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, இந்த வால்வெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம வெயிலுக்கு எதுக்கு? கழட்டிப் போட்டுட்டு ஃபேனை டைரக்ட் குடு, ஜென்மத்துக்கும் ஹீட் ஆகாது" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய காலத்தில் வால்வில் உப்பு படிந்து, மூடியபடியே சிக்கிக்கொள்ளும். வண்டி கொதிக்கும். கழற்றினால் கொதிப்பு நின்றுவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர், வால்வ்தான் வில்லன் என்று முடிவு செய்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அங்கே கோளாறு தண்ணீரில் இருந்தது. வால்வ் பலியானதுதான் மிச்சம்.

இந்த வால்வைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சின்ன பித்தளைக் குமிழ், அதற்குள் மெழுகு. தண்ணீர் சூடேறும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வ் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் திரும்ப மூடிவிடும். கரண்ட் கிடையாது, வயர் கிடையாது. அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னட் 1930-களில் கொண்டுவந்த இந்த மெழுகு ஏற்பாடு இன்றைக்கும் உலகம் முழுக்க இன்ஜின்களில் இருக்கிறது. பல டீசல் வண்டிகளில் இது 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து, 95-ஐ ஒட்டி முழுதாகத் திறக்கும். அதாவது 82-க்குக் கீழே ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகாது, இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்த வண்டி சீக்கிரம் சூடேறுகிறது.

சூடு ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். டீசல் இன்ஜின் அழுத்தத்தின் சூட்டில் எரிவது. சிலிண்டர் சுவர் 60 டிகிரியிலேயே கிடந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாதது சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். எரிப்பில் உண்டாகும் நீராவியும் ஆயிலுக்குள் இறங்கி, ஆவியாகிப் போக வழியில்லாமல் தங்கிவிடும். ஆயில் கெடும், பிஸ்டன் ரிங் தேயும், மைலேஜ் குறையும். ஹீட் ஆனால் சாலையோரம் ஆவி கக்கி எல்லோருக்கும் தெரியும். குளிர்ச்சியிலேயே ஓடும் இன்ஜின் சத்தமில்லாமல் தேய்வதால் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆயில் குடிக்கும்போது "இந்த இன்ஜின் அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, இதுதான் என் வண்டியில் நடந்தது. பல இன்ஜின்களில் வால்வின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு உண்டு. வால்வ் திறக்கும்போது அந்தத் தட்டு, இன்ஜினுக்குள் தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியாகவே போக வேண்டும் என்பது ஏற்பாடு. வால்வைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். மலை ஏறும்போது, ரேடியேட்டர் முழுத் தண்ணீருக்காகத் திணறும் நேரத்தில், ஒரு பங்கு சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். ஆக, சமதரையில் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து கிடக்கும், ஏற்றத்தில் தேவைக்கு மேல் கொதிக்கும். வால்வைக் கழற்றியும் ஹீட் ஆகிறதே என்று ரேடியேட்டரை மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வண்டியின் பிழைப்பே கொல்லிமலைதான். மளிகை, சிமெண்ட், தீவனம் ஏறும். அன்னாசி, பலா, வாழை, மிளகு இறங்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு ஏறும்போது முதல் கியர், இரண்டாவது கியர் தவிர வேறு கியருக்கு வேலை இல்லை. இன்ஜின் முழு பலத்தில் வேலை செய்கிறது, வண்டியோ ஆள் ஓடுகிற வேகத்தில் போகிறது. சமதரையில் 50, 60-ல் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் தேவையே இல்லை. மலையில் அந்தக் காற்று கிடையாது. சில வளைவுகளில் காற்று பின்னாலிருந்து வேறு வீசும். அங்கே இன்ஜினைக் காப்பாற்றுவது அந்த ஃபேன் ஒன்றுதான். எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீரில் இறங்குகிறது. அத்தனையையும் வெளியே தள்ள வேண்டிய ஃபேன் சும்மா ஓடித் தேய்ந்து போயிருந்தால், தேவைப்படும் இடத்தில் கைவிட்டுவிடும். கார்பன் பிரஷ் தேயும் மோட்டார் அது. நாள் முழுக்க ஓட வைத்தால் ஆயுளும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

வெயில் வேறு. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95, வெளிக்காற்று 25 என்றால் வித்தியாசம் 70. சித்திரை வெயிலில் காற்று 40 என்றால் வித்தியாசம் 55. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், வெளியேற்றும் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மார்கழியில் சரியாக ஓடிய வண்டி சித்திரையில் கொதித்தால், புதிதாக எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்த குறை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

என் மைத்துனன்தான் வண்டி ஓட்டுகிறான். கவனமான பையன். அவன் சொல்வது, "மாமா, முள் பாதியிலதான் நிக்குது, ஒண்ணும் பயமில்லை." அந்த முள்ளைத்தான் நான் நம்புவதில்லை. பல வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளை வேண்டுமென்றே சோம்பேறியாக்கி வைத்திருப்பார்கள். 75-லிருந்து நூறைத் தாண்டும் வரை நடுவிலேயே நிற்கும், அப்புறம் ஒரே தாவாகச் சிவப்புக்குப் போகும். முள் ஆடினால் வாடிக்கையாளர் பயந்து ஷோரூமுக்கு வருவார் என்பது அவர்கள் கவலை. பழைய வண்டிகளில் சென்சாரும் மீட்டரும் பொருந்தாமல் வேறு வேறு கம்பெனி உருப்படியாக இருக்கும். ஸ்டார்ட் பண்ணாத வண்டியிலும் முள் பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. ஹோஸ் வெடித்தோ மூடி கசிந்தோ தண்ணீர் இறங்கிவிட்டால், சென்சார் தண்ணீரில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது முள் ஏறுவதற்குப் பதில் இறங்கும். ஓட்டுநர் நிம்மதியாகிவிடுவார். அந்த நிம்மதியில் ஓட்டும் சில கிலோமீட்டரில் ஹெட் வளைந்துவிடும். ஏற்றத்தில் முள் திடீரென்று கீழே விழுந்தால் உடனே ஓரம் கட்டு என்று மாப்பிள்ளையிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

எனவே எனக்கு முள் வேண்டாம், எண் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். ஸ்டியரிங் அடியில், வண்டியின் கோளாறைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கும். ஒரு புளூடூத் அடாப்டர் செருகினால் ஈசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பார்க்கிற அதே தண்ணீர்ச் சூடு போனில் எண்ணாகத் தெரியும். அந்த வண்டிகளில் ஃபேனை ஓட்டுவதும் ஈசியுதான். அங்கே வயரை வெட்டாதீர்கள், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் வண்டி அதற்கு முந்தைய காலத்தது. ஈசியு கிடையாது.

நான் எடுத்தது டபிள்யூ1209 என்கிற சின்ன டெம்பரேச்சர் கன்ட்ரோல் போர்டு. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு நிறையப் பேர் வாங்குவது இதைத்தான். 12 வோல்ட்டில் ஓடும், மூன்று இலக்க டிஸ்பிளே, 110 டிகிரி வரை காட்டும், ஒரு குட்டி ரிலேயும் அதிலேயே இருக்கும். கூடவே நுனியில் உலோகக் குப்பி போட்ட சென்சார் ஒயர். விலை ஒரு ரேடியேட்டர் மூடியின் விலைக்கு மேல் போகாது.

வாங்கியதும் வண்டியில் மாட்டவில்லை. வீட்டில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து சென்சாரை விட்டேன். நாமக்கல் உயரத்தில் தண்ணீர் 99-ஐ ஒட்டிக் கொதிக்க வேண்டும். அதையே காட்டியது. அப்புறம் புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட் வால்வை ஒரு கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்திலேயே சென்சாரையும் வைத்து மெதுவாகச் சூடேற்றினேன். வால்வின் மேல் 82 என்று அடித்திருந்தது. டிஸ்பிளே 82 காட்டும்போது வாய் மெல்லப் பிரிந்தது. புதிய வால்வாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கடையில் வருவதிலும் திறக்காதது உண்டு.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வெளியே வரும் இடத்தில், அதாவது தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் வைத்தால் ஒரு எண் வரும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் வைத்தால் ஆறிய தண்ணீரின் எண் வரும். லோடில் இரண்டுக்கும் பத்து டிகிரி கூட வித்தியாசம் இருக்கலாம். ஒருவர் "நான் 85-ல் ஃபேன் வைத்திருக்கிறேன்" என்று சொன்னால், சென்சார் எங்கே என்று கேட்காமல் அந்த எண்ணை உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் உலோகத்தில், போல்ட்டோடு ஒரு கிளாம்பு போட்டு இறுக்கினேன். மேலே காற்றுப் படாமல் சூடு தாங்கும் டேப் சுற்றினேன். தண்ணீருக்குள் போகாமல் வெளியே உலோகத்தில் இருப்பதில் ஒரு நன்மை, தண்ணீர் இறங்கிப்போனாலும் அது இன்ஜின் உலோகத்தின் சூட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குறையும் உண்டு, உண்மையான தண்ணீர்ச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். எவ்வளவு குறைவு என்பதைக் கண்டுபிடிக்க வால்வே உதவியது. அது 82-ல் திறக்கும் என்பதைப் பாத்திரத்தில் பார்த்தாயிற்று. ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸில் கை வைத்துக் காத்திருந்தேன். ஹோஸ் திடீரென்று சூடானபோது டிஸ்பிளே 79 காட்டியது. ஆக மூன்று டிகிரி குறைவு. போர்டில் பி4 என்ற செட்டிங்கில் மூன்று கூட்டிவிட்டேன். இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்து அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துத்தான் காட்டும். அளக்கும் இடத்தில் கொஞ்சம் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு அளந்தால் நம்பலாம்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. எத்தனையில் ஃபேன் ஓட வேண்டும்? விதி ஒன்றுதான். ஃபேன் நிற்கும் எண், வால்வ் திறக்கும் எண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். 82-ல் திறக்கும் வால்வை வைத்துக்கொண்டு ஃபேனை 80-ல் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 82-க்குக் கீழே ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீரே வராது. ஃபேன் எதை ஆற்றும்? இன்ஜின் 82-லிருந்து கீழே இறங்கவும் விடாது. ஃபேன் நிற்கவே நிற்காது. டைரக்ட் பண்ணியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நான் வைத்திருப்பது 92-ல் ஓடி 87-ல் நிற்பது. போர்டில் பி0 செட்டிங்கை குளிர்விக்கும் பக்கத்துக்கு, அதாவது சி-க்கு மாற்றி, பி1 என்ற இடைவெளியை 5 என்று வைத்தால் இது வந்துவிடும். கடையிலிருந்து வரும்போது இடைவெளி 2 டிகிரி என்று இருக்கும். அது இன்குபேட்டருக்குச் சரி. வண்டியில் இரண்டு டிகிரிக்கு ஒரு தரம் ஃபேன் ஓடி நின்று ஓடி நின்றால் ரிலே முனை கருகிவிடும். ஓட ஆரம்பிக்கும் நொடியில் மோட்டார் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு.

போர்டில் இருக்கும் குட்டி ரிலேயில் ஃபேனை நேராகக் கொடுக்கவே கூடாது. அது வண்டியின் 40 ஆம்பியர் ரிலேயின் காயிலுக்கு எர்த் கொடுப்பதற்கு மட்டும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலேயில் 30 என்று அடித்த முனை, 87 என்று அடித்த முனையிலிருந்து ஃபேன் (இவை முனை எண்கள், டிகிரி அல்ல). காயிலின் 86-க்கு இக்னிஷன் லைன், 85 எர்த்துக்குப் போகும் வழியில் இந்தப் போர்டு. வண்டியோடு வந்த தெர்மோ சுவிட்சையும் புதிதாக வாங்கி அதன் இடத்திலேயே மாட்டி, அதே 85-ல் இணையாகக் கொடுத்துவிட்டேன். போர்டு செத்துப்போனாலும் அந்தச் சுவிட்ச் 95-ல் ஃபேனை ஓட்டிவிடும். இன்ஜினைக் காக்கிற வேலையை அவ்வளவு மலிவான ஒரு போர்டிடம் மட்டும் ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை.

வயரிங் முடிந்ததும் மல்டிமீட்டர் எடுத்து, ஃபேன் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு, ஃபேன் முனையில் எவ்வளவு என்று பார்த்தேன். பழைய டைரக்ட் லைனில் ஃபேனுக்கு ஒன்றரை வோல்ட் குறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெல்லிய வயர், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, பெயின்ட் மேலேயே போட்ட எர்த். இப்போது தடித்த வயர், சுரண்டிப் போட்ட எர்த், வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள். ஃபேன் சத்தமே மாறியது. நிறையப் பேர் "ஃபேன் காத்து பத்தலை" என்று பெரிய ஃபேன் தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம். இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம்: ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் ஃபேன் என்றால், முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்க்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள். கூடு இல்லாவிட்டால் ஃபேன் வட்டத்துக்குள் இருக்கும் பகுதி வழியாக மட்டும்தான் காற்று போகும், மூலைகள் வீண்.

மலையில் எண் எப்படிப் போகிறது? சேந்தமங்கலம் தாண்டி சமதரையில் 84, 86. ஃபேன் வருவதே இல்லை. காரவள்ளியில் ஏற ஆரம்பித்துச் சில வளைவுகளுக்குள் 92 தொடும், ஃபேன் வரும், 87-ல் நிற்கும், மறுபடி வரும். மதிய வெயிலில் முழு லோடு என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் ஃபேன் நிற்பதில்லை, எண் 95, 97-ல் உட்கார்ந்துவிடும். இறங்கும்போது 80-ஐ ஒட்டியே இருக்கும், ஏனென்றால் வால்வ் மூடிக்கொள்கிறது. வால்வ் போடுவதற்கு முன் இதே இறக்கத்தில் 60-க்கும் கீழே போனதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை வளைவிலும் இன்ஜின் விறைத்தபடி இறங்கியிருக்கிறது.

97 என்றதும் சிலர் பதறுவார்கள். பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்வது ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கரில் நடப்பதேதான் இங்கேயும். 0.9 பார் (அழுத்தத்தின் அளவு) என்று அடித்த மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காவிட்டால் சமதரையில் 100-ல் கொதித்துவிடும். கொல்லிமலை மேலே, 1200 மீட்டர் உயரத்தில், 96-லேயே கொதிக்கும். அதே 97, நல்ல மூடி போட்ட வண்டியில் சாதாரணம், வாசர் போன மூடியில் ஆவி. மலை வண்டிக்காரர்கள் எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் மூடியைத் தள்ளிப்போடக் கூடாது. மூடியின் நடுவில் சின்னதாக இன்னொரு வால்வும் உண்டு, ஆறும்போது பக்கத்தில் உள்ள உபரித் தண்ணீர் பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்க. காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பையாகக் கிடந்தால் அந்த வால்வ் சிக்கியிருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். எங்கள் பக்கத்து போர் தண்ணியைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளை சிலிண்டர் சுவரிலும் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. பேட்டரித் தண்ணியும் (காய்ச்சி வடித்த தண்ணீர்) கூலன்டும் மட்டும்தான் ஊற்றுவது, கேனில் கலந்தது ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும். நம் ஊரில் உறைபனிக்குப் பயமில்லை, கூலன்ட் துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை ஏற்றுவதற்கும்தான். ஆனால் அதைக் கீழே கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

அப்புறம் முன்பக்கம். நெல் தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் ரேடியேட்டர் இதழ்களில் அடைந்துவிடும். இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்தால்தான் வெளியே வரும். கிரில்லுக்கு முன் பெரிய பெயர்ப் பலகை, வரிசையாக ஃபாக் லைட் என்று அடைத்துவிட்டு ஃபேனைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றையும் மாலையையும் லோடு ஏற்றும் முன் கழற்றிவிடுவோம்.

ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலையில் கூட்டம் நெரியும். வண்டிகள் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறும். அன்றைக்கு ஓரம் ஒதுங்கி ஆவி விடும் வண்டிகளைப் பார்க்கலாம். பாதிப் பேர் செய்வது இரண்டு காரியம்: ஹீட் என்று தெரிந்ததும் இன்ஜினை அணைப்பது, உடனே மூடியைத் திறப்பது. தண்ணீர் இருக்கிற வண்டியை அணைத்தால் பம்ப் நிற்கும், ஹெட்டில் இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் தண்ணீர் இன்னும் சில டிகிரி ஏறும். என் டிஸ்பிளேயில் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், அணைத்தபின் எண் மேலே போகும். நியூட்ரலில் போட்டு, ஃபேன் ஓட, கொஞ்சம் ரேஸ் கொடுத்து நிறுத்தினால் தானாக இறங்கும். தண்ணீர் கொட்டிப் போயிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். மூடியை, எண் 50-க்குக் கீழே வரும்வரை நாங்கள் தொடுவதில்லை. 110-ல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கை வெந்து நிற்பவர்களைப் பார்த்தபிறகு, போகிற வழியில் யாராவது மூடியில் துணியைச் சுற்றுவது தெரிந்தால் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போகிறோம்.

மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு குறை. வளைவில் ஸ்டியரிங்கைப் பார்ப்பதா டிஸ்பிளேயைப் பார்ப்பதா என்று கேட்டான். நியாயமான கேள்வி. இன்னொரு போர்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதை 102-ல் வைத்து, ஃபேனுக்குப் பதில் ஒரு பஸ்ஸர் மாட்ட வேண்டும். அடுத்த ஆடிக்குள் அந்த வேலையை முடித்துவிடுவேன்.